தண்ணீர் ஓரம் நின்றவர்

1942 பிப்ரவரி 23, அரியலூர்

காலையிலிருந்து படம் கழுவினேன். ஸ்டூடியோ என் வீட்டுக்காரருடையது, எடுப்பவரும் அவர். இருட்டறையில் கழுவி உலர்த்துவது என் வேலை. கல்யாணமாகி நாலு வருஷத்தில் எத்தனையோ முகங்கள் என் கையில் தெளிந்து வந்திருக்கின்றன. நான் ஒன்றுகூட எடுத்ததில்லை. கடைப் பக்கம் தலை நீட்டினாலே அத்தை இருமுவார்.

நாளை வேளாங்கண்ணிக்குப் புறப்பாடு. பிள்ளை வரம் கேட்டு அத்தை நேர்ந்துகொண்டது. சண்டைக் காலத்தில் கடற்கரைக்கு எதற்கு என்று அவர் இழுத்துப் பார்த்தார். அத்தை விடவில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். கடலைப் பார்த்ததே இல்லை.

பிப்ரவரி 27

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

விடியுமுன் கடற்கரைக்குப் போனோம். பெட்டிக் காமிராவில் ஒரு படத்துக்குத்தான் ஃபிலிம் பாக்கி. நான் எடுக்கட்டுமா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கையில் கொடுத்துவிட்டார். சூரியன் தண்ணீரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. கடலை மட்டும் எடுத்தால் அது எவ்வளவு பெரிதென்று எப்படித் தெரியும்? அவரைத் தண்ணீர் ஓரம் போய் நிற்கச் சொன்னேன். கடலைப் பார்த்தபடி நின்றார். மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினேன்.

போலீஸ்காரர் வருவதை அவர்தான் முதலில் பார்த்தார். ஓடி வந்து காமிராவை என் கையிலிருந்து பிடுங்கினார். "நான்தாங்க எடுத்தேன்" என்றார்.

கடற்கரையில் படம் எடுக்க இப்போது தடையாம். எங்களுக்கு எப்படித் தெரியும்? ஜப்பான்காரனுக்கா எடுத்தாய் என்று கேட்டார்கள். அவர் தம்பி, ஜப்பான்காரன் பிடித்துவிட்ட பினாங்கில் இருப்பது தெரிந்ததும் விசாரிக்கிற குரலே மாறிவிட்டது. காமிராவை வைத்துக்கொண்டு, அரியலூரை விட்டு நகரக் கூடாது, தினமும் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று எழுதி வாங்கினார்கள்.

ரயிலில் என் காதோடு சொன்னார்: "வாயைத் தொறக்காத லீலா. நீ எடுத்தேன்னு தெரிஞ்சா உன்னைக் கொண்டுபோயி ஸ்டேஷன்ல உட்கார வெச்சிருவாங்க. அதுக்கப்பறம் நான் இருந்து என்ன?"

மார்ச் 3

ஸ்டூடியோவுக்குச் சீல் வைத்துவிட்டார்கள். இருட்டறையும் பூட்டிக் கிடக்கிறது. அவர் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். வாசலில் யாரும் நிற்பதில்லை. கோவிலில்கூட எங்கள் பக்கத்தில் இடம் விட்டு உட்காருகிறார்கள். எல்லாம் என் ராசி என்கிறார் அத்தை. அவர் சொல்வது அவருக்குத் தெரியாமலே நிஜம். நான் கேட்காமல் இருந்திருந்தால்? நாலு சுவருக்குள் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

மார்ச் 9

போலீஸ்காரர்கள் அந்த ஃபிலிமைக் கழுவினால், கடலைப் பார்த்து நிற்பது யாரென்று கேட்பார்களே என்றேன். தெரியும் என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 17

போலீஸ் திருச்சிக்கு அனுப்பிக் கழுவிய படம் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் ராசாங்கம் அதைக் காட்டி, நிற்கிற ஆள் யார், எங்கிருந்து வந்தான் என்று கேட்டிருக்கிறார். இவர் தெரியாது என்றே சொல்லியிருக்கிறார். கூட்டாளியைக் காட்டிக் கொடுக்காவிட்டால் வேலூர் ஜெயிலுக்கு அனுப்புவதாகச் சொல்லிவிட்டார்களாம்.

அது நீங்கதான்னு சொன்னா என்ன? கேட்டேன். அப்போ எடுத்தது யாருன்னு வரும் என்றார்.

மார்ச் 18

அத்தை பூசைக்குப் போன நேரம் பார்த்துப் புறப்பட்டேன். கல்யாணமான பிறகு தனியாகத் தெருவில் நடந்தது இன்றுதான். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனேன்.

இன்ஸ்பெக்டர் மேஜைமேல் படம் கிடந்தது. எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. நன்றாகத்தான் வந்திருந்தது. வெட்கமில்லாமல் அதைத்தான் முதலில் நினைத்தேன்.

"அது அவருதாங்க. எடுத்தது நான்."

"உனக்குக் காமிரா பிடிக்கத் தெரியுமாம்மா?"

"அன்னிக்குத்தாங்க மொதத் தடவை."

"அப்ப அவன் எதுக்கு நான் எடுத்தேன்னு சொன்னான்?"

"என்னை இங்க உட்கார வெச்சிரக் கூடாதுன்னுதான்."

இன்ஸ்பெக்டர் ஒரு நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். போகிற வருகிறவரெல்லாம் பார்த்தார்கள். கையெழுத்துப் போட வந்த என் வீட்டுக்காரர் என்னைக் கண்டதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அவரை முற்றத்தில் முதுகைக் காட்டி நிற்க வைத்தார்கள். பெரிய காமிராவைச் சுமந்து சுமந்து அவருக்கு இடது தோள் சரிந்திருக்கும். இன்ஸ்பெக்டர் படத்தைப் பார்த்தார், தோளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். மேலிடத்துக்கு எழுதுகிறேன், வீட்டுக்குப் போங்கள் என்றார்.

அவர் முன்னால் வேகமாக நடந்தார். நான் பின்னால்.

மார்ச் 27

ஸ்டூடியோவுக்கு வைத்த சீலை உடைத்துக் காமிராவையும் கொடுத்தார்கள். படத்தைத் தரவில்லை. "இனிமே பொம்பளை கையில குடுக்காதய்யா" என்றாராம் இன்ஸ்பெக்டர். "சரிங்க" என்றாராம் இவர். அதை என்னிடம் ஏன் சொல்ல வேண்டும்?

காமிரா பரண்மேல் ஏறிவிட்டது. நான் பழையபடி இருட்டறையில்.

ஏப்ரல் 20

பெண்டாட்டி போய் மீட்டுக் கொண்டுவந்த ஆள் என்று கடைத்தெருவில் சிரிக்கிறார்களாம். அவர் சாப்பிடும்போதுகூட என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஜெயிலுக்கே போகட்டும்னு நான் உட்கார்ந்திருக்கணுமா?

ஜூலை 12

லெப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு முஸ்லிம் தாயும் மகளும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். ஆம்பிளை எடுக்கிறதானால் வேண்டாம், கடற்கரையில் படம் எடுத்த அம்மா எடுத்தால் உட்காருகிறோம் என்றார்கள். அத்தை பலமாக இருமினார். அவர் உள்ளே வந்து, "வா" என்றார்.

வெளியார் கண் படாமல் தெருக்கதவைச் சாத்தித்தான் எடுக்க வேண்டியிருந்தது. வெளிச்சம் போதவில்லை. அந்தப் பெண்ணின் முகம் மங்கலாக வந்தது. அழுதேன்.

ஜூலை 19

இன்று கடை திறக்கவில்லை. அவர் ஏணி வைத்துக் கூரைமேல் ஏறினார். நாட்டு ஓடுகளைப் பிரித்து, வரிசையாகக் கண்ணாடி ஓடு பதித்தார். மழை ஒழுகும் என்று அத்தை கீழேயிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். என்னை நாற்காலியில் உட்கார வைத்து, முகத்தில் வெயில் எதுவரை விழுகிறது என்று மேலிருந்தே கேட்டுக் கேட்டு ஓடுகளை நகர்த்தினார்.

நான் படம் எடுக்கும்போது தெருக்கதவு சாத்தியேதான் இருக்கும் என்று அவர் சொல்லிவிட்டார். சாத்திப் பார்த்தோம். வெளிச்சம் போதும்.