அர்த்தம் தெரியாமல் வாசித்தது

1931, ஷவ்வால் பிறை 22, வியாழன். ஜொகூர் பாரு.

காலையில் கடைக்குப் புறப்படும்போது வாப்பா சொன்னார்: "இங்கிலீஷா, மலாய் பாஷையா, ஏதாவது ஒன்னு படிக்கலாம்மா. நாளைக்கு ஜும்ஆ தொழுகை முடிஞ்சு வந்து கேப்பேன்." நான் இங்கிலீஷ் என்றே மனசில் வைத்திருந்தேன். தண்ணீருக்கு அப்பால் சிங்கப்பூர் விளக்குகள் மின்னும்போது, அவை அந்தப் பாஷையில்தான் பேசுகின்றன என்று தோன்றும்.

மத்தியானம் பக்கத்து வீட்டு மலாய் அக்கா பலகாரம் கொண்டுவந்தாள். அதைச் சுற்றியிருந்த மலாய்ப் பத்திரிகைத் தாளில் நான் குர்ஆன் ஓதிப் பழகிய அதே அரபு எழுத்துகள். ஊரிலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, மலாய் எனக்குத் தெரியாது. சும்மா எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசித்தேன். அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. என் உச்சரிப்பைக் கேட்டு முதலில் சிரித்தாள், ஒவ்வொரு சொல்லாகத் திருத்தினாள். பிறகு சிரிப்பு நின்றது. படியில் உட்கார்ந்து முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"லாகி, லாகி" என்றாள். இன்னும் வாசிக்கச் சொல்கிறாள் என்று கை காட்டியதில் புரிந்தது. ஆனால் தாள் அந்த வரியோடு கிழிந்திருந்தது.

இப்போதும் அந்த விளக்குகள் தெரிகின்றன. கண் சொருகுகிறது. நாளைக்கு வாப்பாவிடம் மலாய் என்றுதான் சொல்லப்போகிறேன். என் வாய் அவளிடம் என்ன சொன்னது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.