என் பெயரில் நீ எடுத்த எண்பத்தொன்பது

அன்புள்ள மகள் டாரியாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே இருக்கிறோம், சுகமா என்று இப்போதைக்குக் கேட்காதே. நீ ஹாலிஃபாக்ஸில் நன்றாகத்தான் இருப்பாய், உன் வேலையோடு என் வேலையையும் சேர்த்துப் பார்க்கத் தெம்பு இருக்கிறதே. செவ்வாய்க்கிழமை காலையில் டாக்டர் பென்னர் போன் செய்தார். என் மனச்சோர்வுக்கு மாத்திரையோடு கம்ப்யூட்டரில் ஒரு மூளைப் பயிற்சியும் கொடுத்தாரே, அதில் மூன்று வாரமாக நான் பின்னியெடுக்கிறேனாம், எண்பத்தொன்பது மதிப்பெண்ணாம். இனி இது எனக்குத் தேவைப்படாது, காத்திருக்கும் வேறு யாருக்காவது என் இடத்தைக் கொடுத்துவிடலாம், மாத்திரையையும் குறைக்கலாம் என்றார். நான் போனும் கையுமாக பைஜாமாவில் நிற்கிறேன், குளித்து நான்கு நாள் ஆகிறது. அந்தக் கம்ப்யூட்டரை மூன்று வாரமாக நான் திறக்கவே இல்லை.

உன் அம்மாவைக் கேட்டேன். முட்டைக்கோஸ் இலையில் சோற்றை வைத்துச் சுருட்டிக்கொண்டே மழுப்பினாள், பிறகு ஒப்புக்கொண்டாள். அவள் கடவுச்சொல்லைக் கொடுக்க, நீ அங்கிருந்தபடி என் பெயரில் உள்ளே போய், பயிற்சியில் வரும் எண்களைக் கூட்டியிருக்கிறாய். வாரத்துக்கு நான்கு முறை செய்யாதவர்களை நீக்கிவிடுவார்கள் என்று பயந்தீர்களாம். "நீங்க எழுந்து உக்காரல, அவ உக்காந்தா, வேற என்ன பண்ணச் சொல்றீங்க?" என்றாள் உன் அம்மா. என்ன துணிச்சல் உங்கள் இரண்டு பேருக்கும்! நான் என்ன செத்தா போய்விட்டேன்?

நான் ஏன் விட்டேன் என்று நீ ஒரு வார்த்தை கேட்டாயா? ஒவ்வொன்றாக எண் வரும், கடைசி இரண்டை மட்டும் கூட்ட வேண்டும், அதற்கு முன்னால் வந்ததை விட்டுவிட வேண்டும். முப்பத்தெட்டு வருடம் தானியக் கிடங்கில் லாரி லாரியாகக் கோதுமையை எடை போட்டவன் நான், என் மண்டை மொத்தத்தைத்தான் கூட்டும். ஏழும் நான்கும் பதினொன்று, சரி. அடுத்து மூன்று வந்தால் நான்கும் மூன்றும் ஏழு என்று அடிக்க வேண்டுமாம், நான் பதினான்கு என்று அடிப்பேன், திரை சிவந்துபோகும். கடைசியாகச் செய்த அன்று மதிப்பெண் பன்னிரண்டு. அவமானமாக இருந்தது, மூடி வைத்துவிட்டுப் படுத்தேன். என்னைத் திட்டியிருக்கலாம், கெஞ்சியிருக்கலாம். அப்பாவால் ஆகாது என்று நீயே முடிவு கட்டிவிட்டாய் பார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வீடு அதிரக் கத்தினேன். உன் அம்மா அழுவாள் என்று பார்த்தால், அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "இன்னும் கொஞ்சம் கத்துங்க. அறுவடைக்கு அப்புறம் இன்னைக்குத்தான் உங்க குரல் கேக்குது" என்றாள். அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது.

அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட்டு, அந்த எண்பத்தொன்பது என் மகளுடையது, நான் படுத்துக் கிடந்தேன் என்று சொல்லிவிட்டேன். மாத்திரையில் இப்போது கை வைக்க மாட்டேன் என்றார். மதிப்பெண் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும், முடியாதென்றால் இடத்தை விட்டுக்கொடுக்கலாம் என்றார். நான் எதற்கு விடணும் என்று கேட்டேன், கொஞ்சம் உரக்கத்தான்.

இங்கே குளிர் மைனஸ் முப்பத்திரண்டு, கார் எஞ்சினைக் கரண்டில் சூடாக்கித்தான் கிளப்புகிறோம். உன் முதுகு வலியோடு நீயே பனியை அள்ளாதே, ஆளைக் கூப்பிடு. கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன், உன் அம்மாவுக்கும் தெரியாது. கடவுள் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், என் கோபம் தீர நாளாகும். ஞாயிற்றுக்கிழமை போன் செய், எவ்வளவு என்று கேள், சொல்கிறேன், ஆனால் ஆகா ஓகோ என்று பாராட்டித் தொலைக்காதே. நேற்று குளித்துவிட்டு உட்கார்ந்து முழுசாக இருபது நிமிடம் செய்தேன். பதினாறு. நானே எடுத்தது.

இப்படிக்கு,
இன்னும் கோபமாக இருக்கும் உன் அப்பா,
ஓரெஸ்ட்