ஓடாத மெஷினுக்கு எண்ணெய்

இன்று காலை உன் மகள் தேவி வந்து பொரிப் பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனாள். ஆயுத பூஜைப் பொரி. கொஞ்சம் பொட்டுக்கடலை, ஒரு துண்டு தேங்காய், வெல்லம். பிரித்தபோது காகிதத்தின் ஓரத்தில் அவள் கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்திருந்தது. முகர்ந்து பார்த்தேன். மெஷின் எண்ணெய். எத்தனை முறை துவைத்தாலும் உன் சட்டையை விட்டுப் போகாத அதே வாசனை. பொரியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உனக்கு எழுதாமல் இன்றைய பொழுது நகராது என்று தோன்றியது.

நான் ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற புதிதில், காலை நடைக்கு மேனாம்பேட்டிலிருந்து கிளம்பி அம்பத்தூர் எஸ்டேட் வரை வருவேன். நீ பட்டறை ஷட்டரைத் தூக்கவும் நான் வந்து சேரவும் சரியாக இருக்கும். ஓரத்தில் கிடந்த ஸ்டூலில் பேப்பரோடு உட்கார்ந்துகொள்வேன். உனக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்த பெரிய கம்பெனி ஊரை விட்டே போய்விட்ட சமயம் அது. மற்ற கம்பெனிகளும் கம்ப்யூட்டரில் ஓடும் மெஷின்களுக்கு மாறிவிட்டிருந்தன. இரும்பு கடையும் உன் ஒற்றை லேத்தைத் தேடி யாரும் வரவில்லை. அந்தத் தெருவில் ஒவ்வொரு ஷட்டராக இறங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் நீ தினமும் வந்தாய். சுவரில் இருந்த முருகன் படத்துக்கு ஊதுவத்தி கொளுத்துவாய். துணியால் லேத்தைத் தலையிலிருந்து வால் வரை துடைத்து, எண்ணெய் விட்டு, ஸ்விட்சைப் போடுவாய். கடைவதற்கு ஒன்றும் இல்லாமல் அது வெறுமனே சுற்றும். கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு நிறுத்துவாய். அதோடு அன்றைய வேலை முடிந்தது.

ஒருநாள் கேட்டேன், எதற்கு இது என்று.

"இன்னா வாத்யாரே, நீயே இப்டி கேக்கற. நாளைக்கி அவன் ஒரு வேலய அனுப்பிட்டு, டேய், இன்னாடா மெஷினு துருப் புட்ச்சி கெடக்குதுன்னு கேட்டா, நான் எங்க மூஞ்ச வெச்சிக்கறது?"

அவன் என்றால் முருகன். பக்கத்துப் பட்டறைக்காரரைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் அவனைப் பற்றியும் பேசுவாய்.

உன் மனைவிக்கு இது பொறுக்கவில்லை. மதியச் சாப்பாடு கொண்டுவரும்போதெல்லாம் ஒரு வார்த்தை விழும். "ஓடாத மெஷினுக்கு எண்ணெ. ஊட்ல தாளிக்க எண்ணெ இல்ல." தூக்குச்சட்டியைத் திறந்தபடியே, "அதான் கொயம்பு ருசியா கீது" என்பாய். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அவளே ஒருநாள் பழைய இரும்பு வாங்கும் காயலான் கடைக்காரரைக் கூட்டிவந்தாள். அவர் லேத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, "நைனா, இத்த வெச்சிகினு இன்னா பண்ணப் போற? எடைக்குப் போட்டா நல்லாத் தேறும்" என்றார். "உன்ன எடைக்குப் போட்டா கூடத்தான் நல்லாத் தேறும். போடலாமா?" என்றாய் நீ. கனத்த உடம்புக்காரர் அவர். கோபித்துக்கொள்ளாமல் டீ குடித்துவிட்டுப் போனார்.

அந்த வருஷ ஆயுத பூஜையை மறக்க முடியாது. பல பட்டறைகள் பூட்டியே கிடந்தன. நீ லேத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பொரி வாங்கி, வாசலில் உடைக்கப் பூசணிக்காயும் வாங்கிவிட்டாய்.

"வேலையே இல்லாத பட்டறைக்குத் திருஷ்டி வேறயா? எவன் இதும்மேல கண்ணு வெக்கப் போறான்?" என்றாள் உன் மனைவி.

"நாளைக்கி வெப்பான்ல. அட்வான்சா சுத்திப் போடறேன்."

பூசணிக்காய் ரோட்டில் சிதறியது. எல்லோரும் சிரித்தோம். நீயும்தான். ஆனால் கற்பூரம் அணைந்த பிறகும் படத்துக்கு முன்னால் நீ கண் திறக்காமல் நின்றாய். என்ன வேண்டினாய் என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கு நடந்துபோகும் வழியில் நீயாகச் சொன்னாய். தேவிக்குப் பாரமாகிவிடக் கூடாது, இந்தப் பட்டறையிலேயே சோறு சம்பாதிக்க வேண்டும், அதற்கு ஒரே ஒரு வேலை வந்தால் போதும், பிறகு தானாக வந்துவிடும்.

வேலை வரவில்லை. மூச்சுத்திணறல்தான் வந்தது. ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். ஆக்ஸிஜன் மாஸ்க்கை நீயே விலக்கிவிட்டுக் கேட்டாய்.

"நான் இன்னா வாத்யாரே பெருசா கேட்டுட்டேன்? ஒரே ஒரு வேலதானே. காதுல உளலியா அவனுக்கு?"

மணி என்ன என்று கேட்டால்கூட ஓர் உதாரணம் சொல்லுகிற ஆள் நான் என்று என்னை எத்தனை முறை கிண்டல் செய்திருக்கிறாய். வகுப்பில் பின்னக் கணக்கோ, மழை எப்படிப் பெய்கிறது என்பதோ, பிள்ளைகளுக்கு எதையும் உதாரணம் இல்லாமல் நான் சொன்னதில்லை. அன்று என்னிடம் ஓர் உதாரணமும் இல்லை. மாஸ்க்கைச் சரி செய்துவிட்டு உன் கையைப் பிடித்துக்கொண்டேன். பொய்யாக ஏதாவது சொல்லியிருந்தாலும் நீ கண்டுபிடித்திருப்பாய். அந்தக் கேள்வியோடுதான் நீ போனாய்.

இனி நீ பார்க்காததைச் சொல்கிறேன்.

நீ போன சில மாதங்களில் தேவிக்கு ஐடி வேலை போய்விட்டது. ஆட்குறைப்பு. பிளாட்டுக்குக் கடன் கட்ட வேண்டும், குழந்தைக்குப் பள்ளிக்கூடம். லேத்தை விற்றுவிடலாம் என்று அதே காயலான் கடைக்காரரை வரச்சொல்லி, என்னையும் துணைக்கு அழைத்தாள். ஷட்டரைத் தூக்கினோம். உள்ளே தூசியும் சிலந்தி வலையும். லேத்தை மட்டும் உன் பழைய வேட்டி ஒன்று போர்த்தியிருந்தது. எடுத்தால், இரும்பு தெரியாத அளவுக்கு கிரீஸ் தடவியிருந்தாய். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன், மூச்சு வாங்க வாங்க, அதைச் செய்திருக்கிறாய். தேவி ஸ்விட்சைப் போட்டாள். நேற்று நிறுத்தியதுபோலச் சுற்றியது.

விலை பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சத்தம் கேட்டு ஒருவர் எட்டிப் பார்த்தார். மாவு மில்காரர். மில்லைச் சுழற்றும் இரும்புத் தண்டு, உடைந்த ஷாஃப்ட் ஒன்றைச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார். காலையிலிருந்து அலைகிறாராம். ஒரே ஒரு பீஸுக்காகப் பெரிய மெஷினை யாரும் ஓட்டமாட்டார்களாம். தேவி என்னைப் பார்த்தாள். பிறகு லேத்தில் கடையத் தெரிந்த உன் பழைய கூட்டாளி டர்னருக்குப் போன் போட்டாள். சாயங்காலத்துக்குள் ஷாஃப்ட் தயார்.

ஒரே ஒரு வேலை. அதன் பிறகு உடைந்தது, தேய்ந்தது எல்லாம் அங்கேதான் வருகிறது. டர்னர் பக்கத்தில் நின்று தேவியும் கடையக் கற்றுக்கொண்டாள். உன் மனைவி இப்போதும் தூக்குச்சட்டியோடு வருகிறாள். எண்ணெயைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை.

அன்று உன் கேள்விக்கு என்னிடம் இல்லாத உதாரணம் இதுதான் என்று நினைக்கிறேன். கேட்டது அவன் காதில் விழுந்திருக்கிறது. ஆனால் இதை உன் கட்டிலருகே அல்லவா நான் சொல்லியிருக்க வேண்டும்? சில மாதங்கள் முன்னால் வந்திருக்கக் கூடாதா அந்த மில்காரர்? அவனை நம்புகிறேன். ஆனாலும் இந்த இடத்தில் எனக்கு மனம் ஆறவில்லை.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது. நீ தங்கச்சி தங்கச்சி என்று கூப்பிடுவாயே, என் மனைவி, அவள் பக்கவாதம் வந்து படுத்துவிட்டாள். கை தேறிவிட்டது. வலது கால் இன்னும் சொன்னபடி கேட்கவில்லை. டாக்டர் "பார்க்கலாம்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். நான் தினமும் காலையில் அவள் செருப்பைத் துடைத்து, வெளியே பார்த்தபடி வாசலில் வைக்கிறேன். "எங்க கிளம்பணுமாம் நான்?" என்று கட்டிலிலிருந்து குத்தலாகக் கேட்பாள். உன் மனைவியின் அதே குரல்.

இன்று பொரியும் இந்தக் கடிதமுமாக உட்கார்ந்ததில் அதை மறந்துவிட்டேன். இதோ, உள்ளேயிருந்து குரல் கேட்கிறது.

"ஏங்க, இன்னிக்கு என் செருப்பை எடுத்து வைக்கலையா?"

எழுந்து போகிறேன்.