ராமர் வீடு மாறிய மார்கழி

மார்கழி 12, திங்கள்

மழை விடவில்லை. விறகெல்லாம் ஈரம். ஊதி ஊதிக் கண் எரிகிறது. விடியற்காலைத் தெருப் பஜனை இன்றும் இல்லை. தெருவே இல்லை, அங்கே ஆறுதான் ஓடுகிறது. பிரிக்பீல்ட்ஸுக்கு வந்த நாளாய் இப்படிப் பார்த்ததில்லை.

எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் இடுப்பளவு தண்ணீர். பாய், அரிசிப்பானை, புதுசாகத் தைத்த ரவிக்கை எல்லாம் போச்சு. இவர் ரயில் பாதை வேலைக்குப் போனவர், மத்தியானம் வந்து தலையைக் காட்டினார். "இருக்கியா?" "இருக்கேன்." அவ்வளவுதான். திரும்பப் போய்விட்டார்.

நல்லவேளை, பஜனை மடம் மேட்டில். ஆற்றோரக் கூலி லயத்து ஜனங்கள் எல்லாரும் அங்கேதான், நானும் அங்கேதான். ராமர் பட்டாபிஷேகப் படத்துக்கு முன்னால் ஒரு முழம் இடம்கூட இல்லாமல் பாய். மார்கழிப் பஜனைக்கு வரும் பெண்கள் ஏழெட்டுப் பேர் ஜால்ராவை வைத்துவிட்டுக் கரண்டியை எடுத்தோம். மடத்துக்குப் பின்னால் தனிக் கொட்டகை, அங்கே அடுப்பு.

வேண்டியது: உப்பு. மண்ணெண்ணெய். பிள்ளைகளுக்குத் துணி. பசார் மூடியிருக்கிறது.

மடத்துக்கு எதிரே தூண்மேல் கட்டிய வீட்டுப் பாக்கியம் மடி நிறையத் தேங்காயோடு தண்ணீரில் நடந்து வந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி. புருசன் ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. முருகனைத் தவிர வேறு வாசல் மிதிக்காத வீடு, பஜனைக்கு வந்ததே கிடையாது. வந்தவள் என் சாம்பாரை உள்ளங்கையில் விட்டு நக்கினாள்.

"என்ன அக்கா, இது காய்ச்சல் வருத்தக்காரருக்கோ? உறைப்பே இல்லை."

"கொழந்தைங்க சாப்புடணும்டி."

"அப்ப அதுகளுக்கு உந்தச் சாம்பாரைக் குடுங்கோ. தண்ணியிலை நிண்டு விறைச்ச ஆம்பிளையளுக்கு நான் வைக்கிறன்."

வைத்தாள். எல்லாரும் அவள் குழம்பைத்தான் இரண்டாம் தரம் கேட்டார்கள். ராமா, எனக்குப் பொறாமை வேண்டாம்.

மார்கழி 13, செவ்வாய்

சாரல். தண்ணீர் இன்னும் ஒரு படி ஏறியிருக்கிறது. காலையில் கஞ்சி, மத்தியானம் சோறும் பருப்பும். ஒரு கிழவர் கருவாடு இல்லையா என்றார். மடத்தில் கருவாடா என்றேன். "சும்மா கேட்டேன் தாயி, கேட்டா குத்தமா?" சிரிப்பு வந்துவிட்டது.

லயத்துப் பெண் அஞ்சலை. நிறைமாசம். புருசன் முனியன் கல் கொட்டிச் சடக்கு ரோடு போடும் வேலைக்கு டெங்கில் பக்கம் போனவன், வெள்ளத்துக்கு அப்புறம் ஒரு தகவலும் இல்லை. அந்தப் பக்கம் பாலம் போய்விட்டதாம். இந்தப் பெண் உள்ளே வராமல் வாசல் நிலையிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏண்டி இங்கியே உக்காந்திருக்க? சாரல் அடிக்குது பாரு."

"சும்மாதான் அத்தை. காத்து வேணும்."

சோற்றையும் தொடவில்லை. புருசனை நினைத்து என்று விட்டுவிட்டேன்.

கிள்ளானில் மகள் வீட்டில் எல்லாரும் சுகம், ரயில்வே ஆள் மூலமாகச் சேதி. ராமா ராமா.

மார்கழி 14, புதன்

இன்றைக்கு நடந்ததை எழுதிவைக்கணும்.

காலையில் பாத்திரம் கழுவப் போகும்போது பார்த்தேன், அஞ்சலை வாசல் தூணைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். முகமெல்லாம் வேர்வை.

"எப்பலேருந்துடி?"

"நேத்து சாயங்காலத்துலேருந்து."

"வாய் இல்ல உனக்கு?"

"இங்க பொறந்தா மடம் தீட்டாயிடும், அடுப்ப அணைச்சிடுவாங்க, அத்தன பேரும் பட்டினின்னு பேசிக்கிட்டாங்க அத்தை. அதான், வலி முத்துனா எறங்கிடலாம்னு வாசல்லயே…"

எங்கே இறங்குவாள்? படிக்குக் கீழே வெள்ளம்.

உள்ளே கூட்டிவந்து படுக்கவைத்தேன். உடனே ஆளுக்கொரு பேச்சு. சாமி படத்துக்கு முன்னாலேயா என்று ஒருத்தி. கொட்டகைக்குத் தூக்குங்க என்று ஒருத்தி. அங்கே பிறந்தால் சமையல் யார் தொடுவார்கள்? ஆஸ்பத்திரி வழியில் கழுத்தளவு தண்ணீர். போலீஸ் படகு வந்தால்தான் உண்டு, அதுவும் மருத்துவச்சி யாரையாவது ஏற்றி வந்தால்.

பாக்கியம் அஞ்சலையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். "அக்கா, இனி இவளை அசைக்க ஏலாது."

நான் ராமரைப் பார்த்தேன். அவர் சீதையோடும் தம்பிமாரோடும் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார். சட்டென்று வாயில் வந்துவிட்டது.

"அவள நகத்த முடியாது. அவர நகத்தலாம்ல?"

பாக்கியம்தான் முதலில் சிரித்தாள். "எங்கட வீட்டுக்குக் கொண்டு வாங்கோ. முருகன் தனியத்தான் இருக்கிறார்."

சாமி இல்லாத இடத்துக்கு என்ன தீட்டு? பிரசவ வீடு, அவ்வளவுதான். அடுப்பு வேறு கூரைக்குக் கீழே, அதைத் தீட்டுத் தொடாது. எல்லாருக்கும் புரிந்துபோச்சு.

தேக்குச் சட்டம், நல்ல கனம். நாலு பெண்கள் தூக்கினோம். மேலே என் பட்டுச்சேலையைப் போர்த்தி, அதற்கு மேல் தாழங்குடை. முழங்கால் தண்ணீரில் இறங்கினோம். ராமரைப் பேசாமல் தூக்கிக்கொண்டு போக முடியுமா? பாடினோம். பின்னால் லயத்துச் சனம் கோவிந்தா போட்டது. நடுவழியில் எனக்குக் கால் வழுக்கி, படத்தின் அடிப்பக்கம் நனைந்துவிட்டது. அங்கே அனுமார். "கடலைத் தாண்டினவருக்கு இது என்ன அக்கா" என்றாள் பாக்கியம். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

திரும்பி ஓடிவந்தேன். படகும் வந்தது. மலாய்க்காரர் ஊரான கம்பத்து மருத்துவச்சி மாக் லீமா அதில் இருந்தாள், எங்கள் புண்ணியம். "தாகூட் வேண்டாம், பயம் வேண்டாம்" என்று மலாயும் தமிழும் கலந்து சொல்லிக்கொண்டே அஞ்சலையின் முதுகைத் தேய்த்தாள். அஞ்சலை என் கையை நெரித்த நெரிப்பில் வளையல் ஒன்று உடைந்தது.

பெண் குழந்தை. கொட்டகையில் சோறு வடிக்கிற நேரம். வெளியே இருந்த ஆம்பிளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் "என்ன புள்ள?" என்று கத்தினார்கள்.

மார்கழி 16, வெள்ளி

வெயில்! துணி காய்கிறது. தண்ணீர் வடிந்து எங்கும் சேறு, பொறுக்கமுடியாத நாற்றம்.

நான் அஞ்சலையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறதால் சமையல் பக்கம் போகக்கூடாது. கொட்டகை முழுக்கப் பாக்கியத்தின் ராஜ்ஜியம். எனக்கு மூணு கல் அடுப்பு தனியாக, அஞ்சலைக்குப் பத்தியம். பூண்டு, மிளகு. தாய்ப்பால் இறங்கிவிட்டது. ஆனால் குழந்தையைப் பார்க்கும்போதெல்லாம் வாசலையும் பார்க்கிறாள்.

மடத்துத் தலைவர் வந்தார். ஜவுளிக்கடைக்காரர், கிள்ளானில் மாட்டிக்கொண்டு இன்றுதான் திரும்பினார். இத்தனை பேருக்கும் அரிசி மூட்டை அவர் கிடங்கிலிருந்துதான், அதையும் சொல்லணும். வெறும் சுவரைப் பார்த்ததும் முகம் சிவந்துபோச்சு.

"யாரக் கேட்டு அத்தை படத்த எடுத்தீங்க?"

"யாரையும் கேக்கலீங்க. அவர்கிட்ட சொல்லிட்டுத்தான் எடுத்தேன்."

"யார்கிட்ட?"

"ராமர்கிட்ட."

வெறும் சுவரை இன்னொரு தரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மார்கழி 19, திங்கள்

பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும்: ஒரு பானை, இரண்டு துணி, அரிசி, தீப்பெட்டி, விபூதிப் பொட்டலம். கருவாடு கேட்ட கிழவருக்கு மட்டும் பாக்கியம் எதையோ இலையில் சுற்றிக் கொடுத்தாள். நான் பார்க்கவில்லை.

மத்தியானம் தலைவர் திரும்ப வந்தார். ஞாயிற்றுக்கிழமை வைகுண்ட ஏகாதசி. கிள்ளான், காஜாங், ரவாங்கிலிருந்தெல்லாம் பஜனைக்கு ஆள் வரும். புதன்கிழமை மடத்தைப் புண்ணியதானம் செய்து தீட்டைக் கழித்துப் படத்தை மாட்டணுமாம்.

"அஞ்சலை?"

"சர்க்கார் கொட்டாய் போட்டிருக்காங்கள்ல. அங்க விட்டுடலாம்."

அங்கே காய்ச்சல். நேற்றுக்கூட இரண்டு குழந்தைகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். சொன்னேன். "எனக்கு மட்டும் மனசில்லையா அத்தை? வருசா வருசம் நடக்குறது, நின்னா நல்லதா?" என்றார். அவரையும் குற்றம் சொல்ல முடியவில்லை. இந்தச் சனங்களுக்கு இப்படி ஆனதே ஏதோ குறைவைத்ததால்தான் என்று அவருக்குப் பயம்.

எங்கள் குவார்ட்டர்ஸில் இன்னும் முழங்கால் சேறு. லயம் இருந்த இடத்தில் நட்ட கம்பங்கள் மட்டும். பாக்கியம் வீட்டில் இப்போது ராமர். இவளை எங்கே வைப்பேன்?

சாப்பிடப் பிடிக்கவில்லை. தீட்டோடு எதிர்வீட்டுக்குள் போகவும் முடியாது. தெருவில் நின்று ஜன்னல் வழியே ராமரைப் பார்த்துச் சொன்னேன்: நீதான் இடம் விட்டுக் கொடுத்தாய், நீயே முழுசாக விட்டுக்கொடு. மாட்டுவண்டிக்காரன் என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு போனான்.

மார்கழி 21, புதன்

தூறல். தலைவர் நாலு ஆட்களோடு எதிர்வீட்டுக்குப் போனார். நான் மடத்து வாசலில், அஞ்சலை எனக்குப் பின்னால், பிள்ளையைத் துணியில் சுற்றி, கிளம்பத் தயாராக. "போயிடறேன் அத்தை, சண்ட வேணாம்" என்கிறாள்.

பாக்கியத்தின் புருசன் கிராணி ஐயா கதவை மறித்துக்கொண்டு நின்றார். நெற்றி நிறைய விபூதி.

"படம் மடத்தோடதுங்க ஐயா."

"ஓம். இல்லையெண்டு ஆர் சொன்னது? பிள்ளைத் துடக்கு, பதினாறு நாள் கழியட்டும். நானே தலையிலை வச்சுக் கொண்டந்து தாறன்."

"ஏகாதசி பஜனை எங்க வெக்கிறது?"

"இஞ்சை வையுங்கோ. விறாந்தை பெரிசு."

"நீங்க முருகன் கும்புடறவங்க, உங்களுக்கு எதுக்குங்க…"

"நான் ஆர் எண்டு ராமரே இன்னும் கேக்கேல்லை, நீர் கேக்கிறீர். மழைக்கு ஒதுங்க வந்தவரைப் பாதியிலை கிளப்புறது எங்கட வழக்கமில்லை."

நாலு ஆட்களில் ஒருவன் சிரித்துவிட்டான். தலைவர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்தார். பிள்ளை அந்த நேரம் பார்த்துத் தும்மியது.

"மழையில ஏன் நிக்கிற? உள்ள போம்மா" என்றார்.

அப்புறம் என் பக்கம் திரும்பி, "எல்லாம் உங்க வேலதான் அத்தை."

"நான் என்னங்க பண்ணேன்?"

சாயங்காலம் அவர் கடையிலிருந்து பால் டின்னும் ஒரு மல்லுத் துணியும் வந்தன. கோபம் வாயோடு சரி. நல்ல மனுசன். அஞ்சலை அந்தத் துணியை விரித்து மடித்து விரித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

மார்கழி 25, ஞாயிறு. ஏகாதசி

வெயில், காற்று. எனக்கு உபவாசம், துளசித் தண்ணீர் மட்டும். பாக்கியம் வீட்டில் ஏகாதசி பார்ப்பதில்லை. அங்கிருந்து அஞ்சலைக்குச் சோறு வந்தது.

எதிர்வீட்டு விறாந்தையில் பஜனை. தெருவரைக்கும் சனம். நான் மடத்து வாசலில் உட்கார்ந்து இங்கிருந்தே பாடினேன். கிராணி ஐயா குரல் தனியாகக் கேட்கிறது, தாளம் ஒரு பக்கம் அவர் ஒரு பக்கம். தலைவர் ஜால்ராவோடு அவர் பக்கத்திலேயே நிற்கிறார். சந்தோசமாக இருந்தது.

பஜனை பாதியில், இடுப்புவரை காய்ந்த சேற்றோடு ஒரு ஆள். தோளில் சாக்கு. கூட்டத்தில் யாரிடமோ கேட்டான், அவர் இந்தப் பக்கம் கை காட்டினார். படியில் வந்து நின்றான்.

"அம்மா, இங்க அஞ்சலைன்னு ஒரு…"

நான் எழுந்திருப்பதற்குள் உள்ளேயிருந்து அவள் சத்தம். "எம்புட்டு நேரம் வாசல்லயே நிப்ப? காலக் கழுவிட்டு வா. புள்ளைக்குச் சேறு ஆகாது."

முனியன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். பாலம் போனதால் டெங்கிலிலிருந்து சுற்றிக்கொண்டு நடந்தே வந்திருக்கிறான். லயத்தைப் பார்த்தானாம், கம்பம்தான் இருந்தது. சர்க்கார் கொட்டகையைப் பார்த்தானாம், அங்கேயும் இல்லை. "ரெண்டு பேரும் போயிட்டாங்கன்னே முடிவு பண்ணிட்டேம்மா" என்றான். காலைக் கழுவினான். உள்ளே போனான். நான் வெளியே வந்துவிட்டேன்.

கொஞ்சம் பொறுத்துக் கேட்டேன். "சாப்புட்டியாப்பா?"

"காஜாங்குல ஒரு சீனக் கடையில கஞ்சி குடுத்தாங்கம்மா."

"எப்போ?"

"முந்தாநாளு."

எதிர்வீட்டில் எல்லாரும் பஜனையில். அங்கேயும் பானை காலி. கல்யாணமான நாளிலிருந்து ஏகாதசியன்று என் கை அரிசியைத் தொட்டதில்லை. தொட்டேன். களைந்தேன். மூணு கல் அடுப்பைப் பற்றவைத்து உலையில் போட்டேன். அந்தப் பக்கம் கோவிந்தா கோவிந்தா. இந்தப் பக்கம் கொதிக்கிற சத்தத்தில் எனக்குப் பாதிதான் கேட்டது.

பருப்பும் அப்பளமும்தான். இலையில் போடப் போட, தலை நிமிராமல் சாப்பிடுகிறான். அஞ்சலை பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்கிறாள்.

மூன்றாம் தரம் கேட்டுவிட்டான். பானையில் அடிச்சோறுதான் இருக்கிறது. இன்னொரு உலை வைக்கணும்.