நம் ஊர்ப் பேர் எழுதிய கூண்டு

அன்புள்ள அம்மாவுக்கு உன் மகள் ஃபன்ஜா எழுதுவது. மூட்டுவலி தேவலையா? நான் சௌக்கியம். பாரிஸ் குளிரெல்லாம் பழகிவிட்டது.

ஒன்று சொல்வேன், சத்தம் போடாதே. ஒரு பச்சோந்தி வாங்கியிருக்கிறேன். கூண்டின் மேல் 'அம்பாஞ்சா, மடகாஸ்கர்' என்று நம் ஊர்ப் பேர் எழுதியிருந்தது. விட்டுவிட்டு வர மனசே வரவில்லை. பச்சோந்தியை விரல் நீட்டிக் காட்டினால் ஆகாது என்று நீ சொல்வாயே, அதனால் கடையில் விரலை மடக்கித்தான் காட்டினேன்.

"விரல்ல அடிபட்டிருக்கா?" என்றாள் கடைக்காரி ஒதேத்.

துணைக்கு இன்னொன்றும் கேட்டேன்.

"ஐயையோ, ரெண்டையும் ஒண்ணா வச்சா பயத்துலயே சாகும். அதுக்குத் தனியா இருக்கத்தான் பிடிக்கும்."

நம் ஊர்க்காரனுக்குத் தனியாக இருக்கப் பிடிக்குமா? விசாரித்தால், வம்சம்தான் நம் ஊராம், பிறந்தது இங்கேயேயாம். அதுதான்!

கிண்ணத்தில் வைத்தால் குடிக்க மாட்டான், துரை. இலையில் தண்ணீர் தெளித்தால்தான் நக்குவான். தொட்டால் கோபத்தில் கறுத்துவிடுவான். அதனால் தொடுவதில்லை, பேச்சு மட்டும்தான். இந்த வீட்டில் நம் பாஷையைக் கேட்க அவனாவது இருக்கிறானே.

யாராவது இங்கே வந்தால் உன் பழைய போர்வையைக் கொடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம்.

அவனுக்கு வெயிலுக்குப் பதிலாக ஒரு விளக்கு உண்டு. அது தானாக அணையும் நேரமாகிவிட்டது, முடிக்கிறேன். அதன் அடியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், அம்மா. வீட்டில் இந்த ஒரு மூலையில்தான் நம் ஊர் வெயில் அடிக்கிறது.

ஃபன்ஜா