சந்தனம் பூசிய சோலார் பலகை

அக். 7, 1997. செவ்வாய்

மேகம். பத்துக்கு மேல் வெயில். வாங்க: நட்டு நான்கு, ஒயர் மூன்று மீட்டர், என் சைக்கிளுக்கு பிரேக் கட்டை. கட்டையை மறந்தேன்.

வசந்தா அக்காவுக்கு உத்தரவு வந்தாயிற்று. மேட்டகள்ளியில் தொழிற்பயிற்சிப் பள்ளி, எலெக்ட்ரிகல் டீச்சர் வேலை, மதிய ஷிஃப்ட். 13-ம் தேதி இரண்டு மணிக்குள் கையெழுத்து. தவறினால் பட்டியலில் அடுத்த பெயர். டிப்ளமா முடித்து ஆறு வருடம். இந்தக் காலோடு தினமும் வர முடியுமா என்று இன்டர்வியூவில் கேட்டானாம் ஒருவன். கேட்டவனுக்கு இரண்டு நல்ல கால், ஒரு கார், ஒரு டிரைவர்.

பஸ் சரிப்படாது. போலியோ கால் படியில் ஊன்றுவதற்குள் விசில். ஆகஸ்டில் விழுந்தாள். ஒருவனும் இறங்கித் தூக்கவில்லை. பெட்ரோல் ஸ்கூட்டரை கிக் அடிக்க அந்தக் கால் ஆகாது. ஆகவே தானே ஒன்று செய்தாள். மண்டி மொஹல்லா பழைய இரும்புக் கடையில் எஞ்சின் இல்லாத ஸ்கூட்டர், ஏதோ பாட்டரி டிராலியின் மோட்டார், யாரோ கழற்றிப் போட்ட இரண்டு சோலார் பலகைகள். பின்னால் இருபுறமும் குட்டிச் சக்கரம். எட்டு மாத வேலை. வெல்டிங் மட்டும் வெளியே.

மதிய ஷிஃப்டை அவளே கேட்டு வாங்கினாள். காலை முழுக்க வண்டி வீட்டில் வெயில் குடிக்கலாம். எனக்கு இது தோன்றியிருக்காது.

அக். 8

ஆறரைக்கு கரெண்ட் போயிற்று. மாடியிலிருந்து பார்த்தால் அரண்மனை முழுக்க பல்பு. தசராவாம். எங்கள் தெருவில் மெழுகுவத்தி.

முதலில் வீட்டு கரெண்டில்தான் சார்ஜ் போட்டாள். வீட்டுச் சொந்தக்காரர் வந்து, “கரெண்டு நிம்மப்பந்தா?” உங்கள் அப்பனுடையதா என்று. அக்கா அப்படியே மேலே காட்டி, “பிசிலு யாரப்பந்து சார்?” வெயில் யார் அப்பனுடையது. அடுத்த வாரம் பலகை மாடி ஏறியது.

அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். இன்னும் வண்டிக்கு ‘டப்பா’ என்றே பெயர். “ஊர்ல வண்டியெல்லாம் பெட்ரோல்ல ஓடுது. நம்ம வண்டி அப்பளம் மாதிரி காயணும்.”

அக். 9

மேட்டகள்ளி போய் வந்தாள். பதினாலு கிலோமீட்டர், ஒரே மூச்சில். சத்தமே இல்லை. நாய்கள் குழம்பின. பாட்டரி காலி. மூன்று நாள் வெயில் இருக்கிறது, தாராளம்.

அக். 10. ஆயுத பூஜை

ஸ்பானர், சுத்தியல், என் சைக்கிள், அக்கா வண்டி எல்லாம் கழுவிப் பொட்டு. வாசலில் பூசணிக்காய். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது, அப்பா சட்டம். சார்ஜ் தானாக ஏறும், யாரும் மீட்டரைப் பார்க்கவில்லை. பொரி நிறைய தின்றேன்.

அக். 11

மதியம் அக்கா மீட்டரைப் பார்த்தாள். முள் எழவே இல்லை. நேற்றும் இன்றும் சுள்ளென்று வெயில். பதினெட்டுப் படி, உட்கார்ந்து உட்கார்ந்தே ஏறினாள்.

இரண்டு பலகையிலும் நடுவில் உள்ளங்கை அளவு சந்தனம், மேலே குங்குமம், குறுக்கே சாமந்தி மாலை. பலகையில் வட்ட வட்டமாய் இருக்கும் சில்லுகள் ஒரே குழாயில் போகும் தண்ணீர் மாதிரி. ஒன்றை மூடினால் எல்லாம் நிற்கும்.

அப்பாவிடம் கத்தினேன்.

“முப்பது வருஷம் லேத்துக்குப் போட்டேன். எந்த லேத்தும் நிக்கல.” பிறகு தரையைப் பார்த்து, “அதுவும் ஆயுதம்தானேன்னு வெச்சேன்.”

எட்டு மாதம் டப்பா என்ற வாய்.

அக்கா கண்ணாடியை மட்டும் துடைத்தாள். ஓரத்து அலுமினியச் சட்டத்தில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள். “இங்க வெச்சா ஓடும்ப்பா.” திட்டவில்லை. நான் என்றால் ஒரு மாதம் பேசியிருக்க மாட்டேன்.

அக். 12

மேகம். மேகம். சார்ஜ் பாதிகூட இல்லை. வீட்டுக்காரர் ஊரில் இல்லை, அவர் லைனிலிருந்து ஒயர் இழுக்கிறேன் என்றேன்.

“திருட்டு கரெண்ட்ல போய் கரெண்ட் பாடம் எடுக்கணுமாடா?”

“போய்ட்டு எப்படித் திரும்புவே?”

“போறது முக்கியம். வர்றதை அப்புறம் பாக்கலாம், சும்னிரு.” சும்மா இரு என்று.

அக். 13

காலையிலிருந்து தூறல். உத்தரவு, சர்டிபிகேட், குடை. 12.45 கிளம்பினாள். பின்னால் நான், பிரேக் இல்லாத சைக்கிளில். ஏற்றத்தில் வேகத்தைக் குறைத்து, இறக்கத்தில் மோட்டாரை அணைத்து, ஒவ்வொரு சொட்டாகச் செலவு செய்தாள். 1.40 கையெழுத்து. காத்திருந்தேன். ஆறு மணிக்கு வெளியே வந்தாள், பின்னால் பையன்கள் கூட்டம். மோட்டார் எங்கே என்று குனிந்து குனிந்து பார்த்தார்கள்.

திரும்பும்போது பாதி வழியில் நின்றது. இருநூறு அடி முன்னால், குடை பிடித்துக்கொண்டு அப்பா. எங்கே நிற்கும் என்று கணக்குப் போட்டு வந்து நின்றிருக்கிறார். ஃபிட்டர் மூளை.

நானும் அவரும் தள்ளினோம். அவள் ஹாண்டில் பிடித்தாள். எதிரே குதிரை வண்டியில் வந்த டோங்காக்காரர், “குதுரே பேக்கா, மேடம்?”

குதிரை வேண்டுமா என்று. “பேடா. எரடு இதாவே,” என்றாள். வேண்டாம், ரெண்டு இருக்கு. அப்பா சிரித்தார். எனக்கு முதுகு போயிற்று.

அக். 14

வானம் சுத்தம். ஆறரை மணி. மாடியில் அப்பா, பலகையைத் துடைத்துக்கொண்டு.

“வெயிலே வரலியேப்பா.”

“வரட்டும். இது ரெடியா இருக்கணும்.”

கையில் இருந்தது என் புது பனியன்.