கொம்பு வலப்பக்கம்

ஜூலை 6, ஞாயிறு

வெயில் அதிகம். இஸ்திரி வண்டிக்கு மேலே தார்ப்பாய் கட்டினேன். பதினோரு வீட்டுத் துணி முடிந்தது.

இந்த இரண்டு வரி எழுதக் கால் மணி நேரம் ஆனது. ஆகட்டும். எழுபது வயதுவரை ஒரு வரிகூட எழுதாதவனுக்கு என்ன அவசரம்.

ஜூலை 8, செவ்வாய்

மகள் தங்கம் வந்தாள். தி. நகர் ஜவுளிக் கடையில் பில் போடுகிறாள். புது போன் வாங்கியதால் பழையதை எனக்குக் கொடுத்தாள். அதில் ஒரு ஆப் போட்டிருக்கிறாள்.

"நைனா, இத்த அமுக்கு. அந்தக் காலத்து கேமரா மாதிரி படம் வரும்."

என் மனைவி சுப்பம்மாவை நிற்க வைத்து அமுக்கினேன். சதுரமான படம். நான்கு மூலையும் கறுப்பு. நடுவில் டீக்கறை நிறம். மேலே தூசி, மயிரிழை போலக் கீறல்கள்.

"இன்னாய்யா, என் மூஞ்சி பூரா தூசி கீது. தொடச்சிட்டு எடு" என்றாள் சுப்பம்மா.

போனைத் துண்டால் துடைத்து எடுத்தேன். தூசி இருந்தது. மூச்சு விட்டுத் துடைத்து எடுத்தேன். அப்போதும் இருந்தது. தங்கம் சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"தூசி போன்ல இல்ல நைனா, ஆப்லயே கீது. அதான் அதுக்கு அழகு."

தூசியை வேண்டும் என்றே வைத்திருக்கிறார்கள். உலகத்தில் எனக்குத் தெரியாதது இன்னும் நிறைய இருக்கிறது. சந்தோஷம்.

ஜூலை 11, வெள்ளி

இன்று எடுத்த படங்கள்: ஒரு காகம், காயும் இரண்டு சட்டை, என் கட்டை விரல்.

ஜூலை 13, ஞாயிறு

இன்று ஒரு பயம் வந்து, போனது.

மருந்துக்கடைப் பலகையைப் படம் எடுத்தேன். போனை வலப்பக்கம் நகர்த்தினால் படம் இடப்பக்கம் ஓடுகிறது. ஒரு வழியாகப் பிடித்து நிறுத்தி அமுக்கினேன். பிறகு படத்தில் இருந்த எழுத்தைப் படித்துப் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. ஒரு எழுத்துகூடப் பிடிபடவில்லை. படிச்சது எல்லாம் போயிடுச்சா? ஒரு வருசம் மந்தைவெளி முதியோர் வகுப்புக்கு நடந்து நடந்து போய் அனுப்ரியா டீச்சரிடம் கத்துக்கினது எல்லாம் இப்படி ஒரே நாளில் போகுமா?

நிமிர்ந்து கடையைப் பார்த்தேன். பலகையைப் படிக்க முடிந்தது. போனில்தான் முடியவில்லை. அதில் எழுத்தெல்லாம் இடம் வலமாகத் திரும்பி நிற்கிறது.

சந்திரமௌலி சாரிடம் கேட்டேன். மூன்றாம் நம்பர் வீடு, வங்கியில் மேனேஜராக இருந்தவர், தெருச் சங்கத்துக்குச் செயலாளர். அவருக்கும் இந்த ஆப் தெரிந்திருக்கிறது.

"அந்தக் காலத்து கேமராவை மார்புக்கு நேரா வெச்சுண்டு மேலேர்ந்து குனிஞ்சு பார்ப்பா. மேலே ஒரு கண்ணாடி இருக்கும். அதுல இடது வலதாத் தெரியும். அந்தக் கண்ணாடியையே படம் பிடிச்ச மாதிரி இந்த ஆப் பண்றது."

"எழுத்த மட்டும் நேரா வெக்க முடியாதா சார்?"

"திரும்பி இருக்கறதுதான்ப்பா ரசனையே. உனக்கென்ன, நேரா இருந்தாலும் திரும்பி இருந்தாலும் ஒண்ணுதானே."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சொல்லிவிட்டுச் சட்டையை வாங்கிக்கொண்டு போனார்.

எனக்கு இரண்டும் ஒன்று இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

சங்கத்து வாசலில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். யாரையும் கேட்காமல் முழுவதும் நானே படித்தேன்.

ஆகஸ்டில் ஊரின் பிறந்தநாளைக் கொண்டாடும் மெட்ராஸ் வாரத்துக்குப் படக் காட்சி. தெருவில் உள்ள பெயர்ப்பலகைகளை அந்த ஆப்பில் படம் எடுக்க வேண்டும். எடுத்த பிறகு படத்தில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது. சிறந்த பத்துப் படங்கள் சங்கத்து ஹாலில் மாட்டப்படும். அபிராமபுரத்தில் இந்தத் தெருவில் வசிப்போரும் வேலை செய்வோரும் கலந்துகொள்ளலாம்.

"வேலை செய்வோரும்" என்பதை மூன்று தடவை படித்தேன்.

முப்பத்தெட்டு வருடமாக இந்தத் தெருவில் தேய்க்கிறேன். என் பெயர் இஸ்திரி. "இஸ்திரி, மேல வா." "இஸ்திரி, எங்க வேட்டி எங்கே." நான் படித்துவிட்டேன் என்று போன மாதம் நாலைந்து பேரிடம் சொன்னேன். "பேஷ்" என்று சொல்லிவிட்டுத் துணியை எண்ண ஆரம்பித்தார்கள். யாரும் நம்பியதாகத் தெரியவில்லை.

கணேசமூர்த்தி என்கிற என் பெயர் அந்தச் சுவரில் இருக்க வேண்டும். நான் எழுதியதாக இருக்க வேண்டும். திரும்பி நிற்கக் கூடாது, நேராக நிற்க வேண்டும்.

ஆனால் ஆப் திருப்பிவிடுமே.

ஜூலை 22, செவ்வாய்

வழி கிடைத்தது. யாரிடமும் சொல்லப் போவதில்லை. சுப்பம்மாவிடம்கூட.

வகுப்பில் எனக்கு ஒரு தப்புப் பழக்கம் இருந்தது. 'ணே' எழுதச் சொன்னால் ண எழுதிவிட்டு அதற்கு வலப்பக்கம் கொம்பு போடுவேன். வாயில் ண்தானே முதலில் வருகிறது, ஏ பிறகுதானே வருகிறது. பிறகு வருவதை எதற்கு முன்னால் எழுதுவது? அனுப்ரியா டீச்சர் ஒவ்வொரு தடவையும் "கொம்பு இடப்பக்கம், ஐயா" என்று அடித்துத் திருத்துவார். மூன்று மாதம் ஆனது அந்தப் பழக்கம் போக.

இப்போது அந்தத் தப்புத்தான் வேண்டும். பலகையில் நானே எல்லா எழுத்தையும் திருப்பி எழுதிவிட்டால், ஆப் அதை இன்னொரு தடவை திருப்பும். நேராகிவிடும்.

மற்றவர்களுக்கு எழுத்து என்றால் படிப்பது. பார்த்தவுடனே படித்துவிடுவார்கள், அதன் உருவம் அவர்கள் கண்ணிலேயே படாது. எனக்கு இன்னும் ஒவ்வொரு எழுத்தும் ஒரு படம். சுழி எங்கே தொடங்குகிறது, கால் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன். படத்தைத் திருப்பிப் போட முடியாதா?

ஜூலை 27, ஞாயிறு

பழைய அட்டைப் பெட்டியில் எழுதிப் பார்த்தேன். வலது ஓரத்தில் க. அங்கிருந்து இடப்பக்கமாக நடக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம். படம் எடுத்துப் பார்த்தால் எல்லாம் நேராக இருக்கிறது, கொம்பைத் தவிர. அது ணவை விட்டுவிட்டுச் சவிடம் போய் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

பழக்க தோஷத்தில் கொம்பை இடப்பக்கமே போட்டிருக்கிறேன். டீச்சர் திருத்தியது அவ்வளவு கெட்டியாகப் பதிந்துவிட்டது. தேவைப்படும்போது தப்புச் செய்ய வரவில்லை.

ஜூலை 30, புதன்

கொம்பு வலப்பக்கம். கொம்பு வலப்பக்கம். சட்டை தேய்க்கும்போதெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். சுப்பம்மா ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 2, சனி

ஒட்டுப்பலகையில் நீலப் பெயின்டால் என் பெயரைத் திருப்பி எழுதி வண்டியில் மாட்டினேன். பக்கத்துக் கட்டடத்து வாட்ச்மேன் பிரபு முதலில் பார்த்தான்.

"இன்னா பெருசு, ஸ்கூலுக்கு லீவு வுட்டா இப்டிதான் ஆவுமா?"

பிறகு காய்கறி வண்டிக்காரர் நின்று சிரித்தார். சந்திரமௌலி சார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"என்னப்பா இது, எழுத்தெல்லாம் பின்னாடி திரும்பிண்டு நிக்கறது. யார் சொல்லிக் குடுத்தா உனக்கு?"

டீச்சருக்குக் கெட்ட பெயர் வருகிறதே என்று ஒரு கணம் உண்மை வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

வீட்டில் சுப்பம்மா சோறு போடாமல் நின்றாள். "தெருவே சிரிக்கிது. கைநாட்டாவே இருந்திருந்தா மானமாவது இருந்திருக்கும். அத்தக் கழட்டு."

கழட்டல. நான் கழட்ட மாட்டேன். சிரிக்கிறவன் சிரிக்கட்டும்.

ஆனால் இதோ இந்த வரி கோணலாகப் போகிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலை ஏழரை மணி வெளிச்சத்தில் எடுத்தேன். பதினான்கு படம். பதினோராவது நன்றாக இருக்கிறது. கறுப்பு மூலைகள், தூசி, நடுவில் நேராக, கணேசமூர்த்தி.

எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியவில்லை. இஸ்திரிப் பெட்டிச் சூட்டில் ஒரு தலையணை உறை கருகியது. அந்த வீட்டில் மன்னிப்புக் கேட்டேன்.

காட்சியை நடத்துவது மதுவந்தி என்கிற பெண், ஆறாம் நம்பர் வீடு. அவளுக்குப் படத்தை அனுப்பினேன். "ரொம்ப நல்லா இருக்கு ஐயா" என்று பதில் எழுதினாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பட்டியல் ஒட்டிவிட்டார்கள். ஒன்பது பெயர்தான், பத்தாவது இடம் காலி. மேலிருந்து கீழே படித்தேன். கீழிருந்து மேலே படித்தேன். நான் இல்லை.

மதுவந்தியிடம் போய்க் கேட்டேன். சங்கடமாக நின்றாள். "நான் முதல்லயே எடுத்து வெச்சேன் ஐயா. செயலாளர் ஒத்துக்கலை. எல்லாப் படத்துலயும் எழுத்து திரும்பி இருக்கு, இதுல மட்டும் நேரா இருக்கு, யாரோ அப்புறமா மாத்திக் குடுத்திருக்கான்னு சொல்லிட்டார்."

யாரோ. யாரோ குடுத்தாங்களாம். எனக்குன்னு இன்னா கீது இந்தத் தெருவில், ஒரு பேரு, அதையும் யாரோ எழுதினாங்களாம்.

படம் மாட்டுவது வெள்ளிக்கிழமை. போவேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இதை மெதுவாக, ஒன்றும் விடாமல் எழுத வேண்டும்.

வேலையை முடித்துவிட்டு, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு ஹாலுக்குப் போனேன். ஒன்பது படம் மாட்டியாகிவிட்டது. சந்திரமௌலி சார் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். மதுவந்தி இருந்தாள், சாரின் மனைவி காமாக்ஷி மாமி இருந்தார், இன்னும் ஏழெட்டுப் பேர்.

"சார், என் படத்த யாரும் திருப்பல" என்றேன்.

"நானே பார்த்தேனேப்பா. உன் பலகைல எழுத்து திரும்பி இருந்தது. படத்துல நேரா இருக்கு. அப்போ யாரோ திருப்பித்தானே இருக்கணும்?"

"திருப்பனது நான்தான் சார். படத்த இல்ல. எழுத்த."

மதுவந்திக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். சாருக்குக் கொஞ்சம் நேரம் ஆனது. புரிந்த பிறகும் விடவில்லை.

"சரி. ஆனா நீ தெரிஞ்சு எழுதினதுன்னு எப்படிச் சொல்றது? எழுதத் தெரியாம எழுதினது தற்செயலா நேரா விழுந்திருக்கலாம் இல்லியா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முப்பத்தெட்டு வருடத்தில் இத்தனை பேர் ஒரே நேரத்தில் என் முகத்தைப் பார்த்ததில்லை.

கூட்ட அறிவிப்பு எழுதுகிற கரும்பலகை மூலையில் இருந்தது. சாக்பீஸை எடுத்தேன்.

"உங்க பேர எழுதட்டா சார்?"

வலது ஓரத்தில் தொடங்கினேன். ச. அதற்கு இடப்பக்கம் ந், தலையில் புள்ளி. புள்ளிக்கு இடமும் இல்லை, வலமும் இல்லை, அது நல்ல பிள்ளை. தி, அதன் வளைவு இடப்பக்கம். ர. அடுத்தது மௌ.

கை நின்றுவிட்டது. இந்த எழுத்தை இதற்கு முன் திருப்பி எழுதியதே இல்லை. முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு ள, நடுவில் ம மாட்டிக்கொண்டு நிற்கிறது. எது எந்தப் பக்கம்?

"போறும்ப்பா, பரவாயில்லை" என்றார் சார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் என்னை எழுப்பிவிட்டது.

கண்ணை மூடிக்கொண்டேன். நேராக ஒரு மௌ நினைத்துக்கொண்டேன். சட்டையை உள்பக்கம் புரட்டுவதுபோல அதைப் புரட்டினேன். கொம்பு வலப்பக்கம் வந்தது, ள இடப்பக்கம் போனது. அப்படியே எழுதினேன். பிறகு லி.

மதுவந்தி போனைத் தூக்கி அந்த ஆப்பில் ஒரு படம் எடுத்தாள். பார்த்தாள். காமாக்ஷி மாமியிடம் கொடுத்தாள்.

"சந்திரமௌலி" என்று படித்தார் மாமி. "ஏன்னா, இங்க வாங்கோ. உங்க கையெழுத்தைவிட நன்னா இருக்கு."

சிரிப்பு. சார் போனை வாங்கினார். கரும்பலகையைப் பார்த்தார், போனைப் பார்த்தார், மறுபடியும் கரும்பலகையைப் பார்த்தார்.

"மௌகூடச் சரியா இருக்கே" என்றார், தனக்குள் சொல்வதுபோல.

பிறகு திரும்பி, "மதுவந்தி, இன்னொரு ஆணி எங்கே வெச்சே?" என்று கேட்டார். ஏணியில் அவரே ஏறினார். ஏணியை நான் பிடித்துக்கொண்டேன்.

ஒன்பது படத்தில் தெரு முழுவதும் திரும்பி நிற்கிறது. பத்தாவதில் நான் நேராக நிற்கிறேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சுப்பம்மாவையும் தங்கத்தையும் ஹாலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தங்கம் போன வேகத்தில் கண்டுபிடித்து அழ ஆரம்பித்தாள். சுப்பம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு படமாக நின்று பார்த்துக்கொண்டே வந்தாள். பத்தாவதில் நின்றுவிட்டாள்.

"எப்டிக் கண்டுபுடிச்ச?" என்றேன்.

"எனுக்கு எல்லாம் ஒண்ணாதான் கீது. ஆனா இங்க வந்ததும் நீ நெஞ்ச நிமித்திக்கினு நின்ன. இதான்னு தெரிஞ்சிக்கினேன்."

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பிரபு வந்து, அவன் பெயரையும் திருப்பி எழுதித் தரச் சொன்னான். "முதல்ல நேரா எழுதிக்கினு வா" என்றேன்.

செப்டம்பர் 1, திங்கள்

மூன்றாம் நம்பர் வீட்டிலிருந்து துணி மூட்டை வந்தது. எப்போதும் சந்திரமௌலி சார் பால்கனியில் நின்று கணக்கைக் கத்திச் சொல்வார். இன்று கத்தவில்லை. மூட்டையைப் பிரித்தால் மேலே ஒரு சீட்டு.

"கனேசமூர்த்தி அவர்களுக்கு. வேட்டி நான்கு. சட்டை ஆறு. மாலைக்குள் கிடைத்தால் உதவி. சந்திரமௌலி."

எனக்கு என்று ஒருவர் எழுதிய முதல் கடிதம். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்து படித்தேன். இரண்டாவது தடவை படிக்கும்போது பார்த்தேன். மூன்றாவது தடவை நிச்சயமாகத் தெரிந்தது.

பேனாவை எடுத்து ன மேல் ஒரு கோடு போட்டேன். அதன் தலைக்கு மேல் சரியான எழுத்தை, பொறுமையாக, சுழி சுழியாக எழுதினேன்.

மாலையில் துணியை அடுக்கி, சீட்டை மேலே வைத்து அனுப்பினேன். வேட்டி நான்கு. சட்டை ஆறு. மூன்று சுழி ண ஒன்று.